எங்கே என்னும் வினா

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஊருணி எங்கே இருக்கிறது? மருத்துவமனைக்கு எவ்வழியே செல்வது? மழைக்காலத்தில் எந்தத் தெருவில் நீர் தேங்கும்? அன்றாடம் நாம் கேட்கும் வினாக்களுள் பல இடத்தைப் பற்றியவை. அவற்றுக்கு நம் முன்னோர் காலால் நடந்து விடை கண்டனர். பின்னர்த் தாளில் வரைந்த படங்கள் துணைநின்றன. இன்று கைப்பேசியின் திரையே விடை கூறுகிறது. திரையில் தெரியும் அந்தப் படம் எவ்வாறு உருவாகிறது? அதனை நாமே உருவாக்க இயலுமா? அதில் இடம்பெறாமல் விடுபடுவன எவை? இவற்றை அறிந்து, புவித்தகவல் அமைப்பு என்னும் துறைக்குள் முதலடி எடுத்து வைக்க இப்பாடம் துணைசெய்யும்.

ஒரு தெருவும் ஓர் அடிகுழாயும்

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் இலண்டன் மாநகரின் சோகோ பகுதியில் காலரா நோய் பரவியது. பத்து நாள்களுக்குள் 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றினால் அந்நோய் பரவுகிறது என்றே அக்கால மருத்துவர் பலரும் நம்பினர். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவரோ, அது குடிநீரின் வழியே பரவுகிறது என்று கருதினார். இறப்பு நேர்ந்த வீடுகளைத் தேடிச் சென்று, அவர்கள் எங்கிருந்து நீர் எடுத்தனர் என்று கேட்டறிந்தார். பெரும்பாலான இறப்புகள் பிராட் தெருவிலிருந்த பொது அடிகுழாயைச் சுற்றியே நிகழ்ந்திருந்தன. அவர் வலியுறுத்தியதன்பேரில் செப்டம்பர் 8ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. அதற்கு முன்பே நோயின் வேகம் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் ஸ்னோ மறைக்காமல் எழுதியுள்ளார்.

பின்னர் அவர் தெருப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஓர் இறப்புக்கு ஒரு சிறு கருங்கோடு என அந்தந்த வீட்டின் இடத்தில் வரைந்தார். அப்பகுதியின் அடிகுழாய்களையும் அதே படத்தில் குறித்தார். பட்டியலில் வெறும் பெயர்களாக இருந்தவை, படத்தில் ஓர் உண்மையைக் காட்டின. விதிவிலக்குகளையும் அவர் ஆராய்ந்தார். அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் தங்கியிருந்தும் ஐவரே இறந்தனர். அவ்விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. தொலைவில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரும் காலராவால் இறந்தார். பிராட் தெரு நீரின் சுவையை விரும்பி, அதனை அவர் நாள்தோறும் வரவழைத்துப் பருகி வந்திருந்தார்.

அடுத்த ஆண்டு வெளியான திருத்திய படத்தில் ஸ்னோ மேலும் ஒரு கோட்டைச் சேர்த்தார். எந்தெந்த வீட்டார்க்குப் பிராட் தெருக் குழாயே நடைதூரத்தில் மிக அருகில் உள்ளது என்பதைக் காட்டும் எல்லைக்கோடு அது. பறவை பறக்கும் நேர்த்தொலைவை விடுத்து, மக்கள் தெருக்களில் நடக்கும் தொலைவை அவர் கணக்கிட்டார். கணினி தோன்றாத காலத்தில் வரையப்பட்ட அப்படத்தில், நிகழ்வை இடத்தோடு பொருத்திக் காரணத்தைத் தேடும் முறை முழுமையாக அமைந்திருந்தது. அம்முறையே புவித்தகவல் அமைப்பின் உயிர்நாடியாகும்.

நிலத்தை அளந்தவர்கள்

நிலத்தின் எல்லையை வரையறுக்கும் கலை தமிழகத்திற்குப் புதியதன்று. சோழர் காலத்தில் ஊர்களைக் கொடையாக அளித்தபோது, அதிகாரிகளும் ஊராரும் கூடிப் பெண்யானை ஒன்றை எல்லை வழியே நடத்திச் சென்று, கல்லும் கள்ளியும் நட்டு எல்லையை உறுதிசெய்தனர். நாற்றிசை எல்லைகளும் செப்பேட்டில் பொறிக்கப்பட்டன. எல்லையைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடித்தல் என்னும் அச்செயலையே, இன்று கணினித் திரையில் நிலப்பரப்பு ஒன்றை வரையும்போது நாமும் செய்கிறோம்.

இந்திய நிலப்பரப்பைக் கணித முறையில் அளந்த பெரும்பணியும் தமிழ்மண்ணில்தான் தொடங்கியது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். ஒரு பக்கத்தின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் பிற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். இவ்வெளிய கணித உண்மையைக் கொண்டு, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. கோணங்களை அளக்க உதவிய தியோடலைட் கருவி ஏறத்தாழ அரை டன் எடையுடையது. 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மீது அதனை ஏற்றியபோது, கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் தாமே அதனைப் பழுதுபார்த்து அளவைப் பணியைத் தொடர்ந்தார்.

அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணிக்குத் தலைமை ஏற்றார். பதினைந்தாம் சிகரம் என்று மட்டுமே குறிக்கப்பட்டிருந்த மலைமுடி உலகின் மிக உயரமான சிகரம் என்பதை, 1852ஆம் ஆண்டு இராதாநாத் சிக்தார் என்னும் வங்காளக் கணித அறிஞர் கணக்கிட்டறிந்தார். 1865இல் அச்சிகரத்திற்கு எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. திபெத்தியர் நெடுங்காலமாக வழங்கிய சோமோலுங்மா என்னும் பெயரோ, கணக்கிட்டவரின் பெயரோ உலக வரைபடங்களில் நிலைபெறவில்லை. வரைபடம் சிலவற்றை நினைவில் வைக்கும், சிலவற்றை மறக்கும். எதை வைப்பது என்பதை வரைபவரே தீர்மானிக்கிறார்.

படம் தரவானது

தாளில் வரைந்த படத்திற்கு ஓர் எல்லை உண்டு. மண்வளப் படம் ஒன்றையும் காட்டுவளப் படம் ஒன்றையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தும் இடங்களின் பரப்பளவைக் கணக்கிடுதல் கையால் செய்வார்க்கு மலைப்பூட்டும் பணி. 1960களில் கனடா அரசு தன் நிலவளங்களை முழுமையாகக் கணக்கெடுக்க முனைந்தபோது இச்சிக்கல் எழுந்தது. ரோஜர் டாம்லின்சன் என்னும் புவியியலாளர், வரைபடங்களை எண்களாக மாற்றிக் கணினியில் சேமித்து ஒப்பிடும் வழியை வகுத்தார். கனடாவின் புவித்தகவல் அமைப்பு அவ்வாறு பிறந்தது. இதனால் அவர் புவித்தகவல் அமைப்பின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

இவ்வமைப்பில் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் இருவகைத் தரவுகள் உள்ளன. அப்பொருள் எங்கே உள்ளது என்பது இடத்தரவு. அது என்ன, எத்தன்மையது என்பது பண்புத்தரவு. அகப்பொருள் இலக்கணம் கற்ற நமக்கு இப்பகுப்பு புதிராகத் தோன்றாது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் அமைந்த மரம், விலங்கு, நீர், தொழில் முதலியன கருப்பொருள். பண்டைத் தமிழர் கணினி முறையை அறிந்திருந்தனர் என்பது இதன் பொருளாகாது. இடத்தையும் அதைச் சார்ந்தவற்றையும் பிரித்தறிந்து மீண்டும் இணைத்துக் காணும் நோக்கு நம் மொழிக்குப் பழகியது என்பதே கருதத்தக்கது. முதற்பொருளில் பொழுதும் அடங்குவதை மறத்தலாகாது. கோடையில் வறண்டு கிடக்கும் கண்மாய் ஐப்பசியில் நிறைந்து நிற்கும். எந்நாளில் திரட்டியது என்னும் குறிப்பில்லாத தரவு அரைத் தரவே.

புள்ளி, கோடு, பரப்பு

நிலத்திலுள்ளவற்றைக் கணினியில் குறிக்க இருவழிகள் உள்ளன. முதலாவது வெக்டர் முறை. கிணறு, மரம், மின்கம்பம் ஆகியன புள்ளிகள். சாலை, ஓடை, வாய்க்கால் ஆகியன கோடுகள். வயல், ஏரி, ஊர் எல்லை ஆகியன பரப்புகள். இரண்டாவது ராஸ்டர் முறை. நிலத்தைச் சிறுசிறு சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் எண் அளிக்கப்படுகிறது. செயற்கைக்கோள் படங்கள் இவ்வகையின. தெளிவான எல்லை உடையவற்றுக்கு வெக்டரும், உயரம், வெப்பநிலை, மழையளவு போலத் தொடர்ந்து மாறுவனவற்றுக்கு ராஸ்டரும் ஏற்றவை.

இடத்தைக் குறிக்க அட்சரேகையும் தீர்க்கரேகையும் பயன்படுகின்றன. சென்னை ஏறத்தாழ 13.08 பாகை வட அட்சத்திலும் 80.27 பாகை கிழக்குத் தீர்க்கத்திலும் உள்ளது. இவ்விரு எண்களையும் இடம் மாற்றி உள்ளிட்டால், சென்னை ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் போய் விழும். கணினி இதற்கு மறுப்பேதும் கூறாது; பிழையைக் காணவேண்டியவர் நாமே. ஓர் அட்சப் பாகையின் நீளம் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். எனவே, பதின்மப் புள்ளிக்குப் பின் ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டரைக் குறிக்கும். திறந்தவெளியில் கைப்பேசி காட்டும் இடத்திலேயே சில மீட்டர் வேறுபாடு இருக்குமாதலால், அதற்கு மேற்பட்ட இலக்கங்களை எழுதுவதனால் துல்லியம் கூடுவதில்லை.

புவி முழுமையான கோளமன்று. அதன் வடிவத்திற்கு அறிஞர்கள் வெவ்வேறு கணித உருவங்களை அமைத்துள்ளனர். இந்தியாவின் பழைய நிலவரைபடங்கள் எவரெஸ்ட் 1830ஆம் ஆண்டு வகுத்த உருவத்தை அடிப்படையாகக் கொண்டவை. கைப்பேசிகள் பயன்படுத்துவதோ 1984ஆம் ஆண்டின் உலகப் புவி அளவை முறை. ஒன்றை மற்றொன்றாக மாற்றாமல் ஒரே திரையில் இணைத்தால், ஒரே கோயில் நூறு மீட்டருக்கும் மேல் விலகி இரண்டாகத் தோன்றும்.

அடுக்கின்மேல் அடுக்கு

மெல்லிய கண்ணாடித் தாள்கள் சிலவற்றில் ஓர் ஊரை வரைவதாகக் கொள்வோம். ஒன்றில் வீடுகள், மற்றொன்றில் சாலைகள், மூன்றாவதில் நீர்நிலைகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், தனித்தாளில் தோன்றாத உறவுகள் தோன்றும். கணினியில் இத்தாள்களே அடுக்குகள் எனப்படுகின்றன.

ஓர் ஊராட்சியில் புதிய அங்கன்வாடி மையத்தை எங்கே அமைப்பது என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது எனக் கொள்வோம். இப்போதுள்ள மையத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் வரையப்படுகிறது. ஊரின் எல்லாக் குடியிருப்புகளும் அவ்வட்டத்திற்குள் அடங்குகின்றன. புதிய மையம் தேவையில்லை என்று படம் சொல்கிறது. ஆனால், ஒரு குடியிருப்புக்கும் மையத்திற்கும் இடையே ஓர் ஓடை ஓடுகிறது. பாலத்தைச் சுற்றி வந்தால் மூன்று கிலோமீட்டர். மழைக்காலத்தில் குழந்தைகள் வர வழியே இல்லை. ஓடை என்னும் அடுக்கை எவரும் சேர்க்காததால், அக்குழந்தைகள் வசதி பெற்றவர்களாகக் கணக்கில் எழுதப்படுகிறார்கள். ஸ்னோ நடைதூரத்தைக் கணக்கிட்டதன் அருமை இங்கே விளங்கும். வட்டம் வரைவது எளிது. நடந்து பார்த்தவரே ஓடையை அறிவார்.

நடந்தவர்கள் பலராகக் கூடினால் படம் விரைந்து நிறைவுறும். 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், எவரும் திருத்தக்கூடிய உலக வரைபடம். 2010ஆம் ஆண்டு ஹைத்தி நாட்டில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, தலைநகரின் தெருக்களை விரிவாகக் காட்டும் படம் மீட்புக் குழுவினருக்குக் கிடைக்கவில்லை. உலகெங்குமிருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாள்களில் தெருக்களை வரைந்தளித்தனர். 2015ஆம் ஆண்டு இறுதியில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, நீர் தேங்கிய தெருக்களை மக்களே இணைய வரைபடத்தில் குறித்து ஒருவரையொருவர் எச்சரித்தனர்.

தெரிந்து தெளிவோம்

இந்திய நில அளவைத் துறை 1767ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இந்தியாவின் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ, 1988ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் விண்ணில் செலுத்தப்பட்டது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009ஆம் ஆண்டு புவன் என்னும் வரைபடத் தளத்தைத் தொடங்கியது. இடங்காட்டும் பணிக்கென இந்தியா உருவாக்கிய செயற்கைக்கோள் தொகுதி நாவிக் எனப்படுகிறது. தேசியப் புவிசார் கொள்கை 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

தொடங்குவது எவ்வாறு?

இத்துறையில் நுழைய விலைமிக்க கருவிகள் தேவையில்லை. 2002ஆம் ஆண்டு கேரி ஷெர்மன் தொடங்கிய க்யூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக் கணினியிலோ வீட்டுக் கணினியிலோ கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம். இடத்தரவைத் திரட்ட ஒரு கைப்பேசியும் குறிப்பேடும் போதும்.

முதலில், விடை தேடும் வினாவை முடிவுசெய்ய வேண்டும். 'எங்கள் ஊரின் அடிகுழாய்களுள் எவை கோடையில் வற்றுகின்றன?' என்பது நல்ல வினா. 'எங்கள் ஊரை வரைவோம்' என்பது வினாவன்று. அதற்கு முடிவும் இராது.

இரண்டாவதாக, ஒவ்வொரு குழாயிடத்தும் சென்று அட்சரேகை, தீர்க்கரேகை, குழாயின் நிலை, பயன்படுத்தும் வீடுகளின் எண்ணிக்கை, பார்த்த நாள் ஆகியவற்றை எழுதவேண்டும். கைப்பேசி இடத்தை உறுதிசெய்யச் சற்று நேரம் எடுக்கும். அதுவரை காத்திருக்க வேண்டும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பு கிடைத்தால்தான் கருவி தன் இடத்தையும் உயரத்தையும் கணக்கிட முடியும்.

மூன்றாவதாக, குறிப்புகளை ஓர் அட்டவணையாகக் கணினியில் தட்டச்சிட்டு, க்யூஜிஐஎஸ் மென்பொருளில் ஒரு புள்ளி அடுக்காகச் சேர்க்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் படத்தை அடித்தளமாக வைத்தால் குழாய்கள் உரிய தெருக்களில் நிற்கின்றனவா என்பது உடனே தெரியும்.

நான்காவதாக, தொலைவை அளப்பதற்குமுன் பாகைகளை மீட்டர்களாக மாற்றும் தள முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யு.டி.எம். என்னும் முறையில் கிழக்குத் தீர்க்கம் 78 பாகைக்குக் கிழக்கேயுள்ள சென்னை, திருச்சி, மதுரை முதலியன 44ஆம் மண்டலத்திலும், அதற்கு மேற்கேயுள்ள கோவை, நெல்லை முதலியன 43ஆம் மண்டலத்திலும் அமைகின்றன.

இறுதியாக, படத்தில் தலைப்பு, அளவுகோல், வடதிசைக் குறி, குறியீட்டு விளக்கம், தரவு திரட்டிய நாள், திரட்டியவர் ஆகியன இடம்பெற வேண்டும். இவை அலங்காரங்கள் அல்ல. படத்தைப் படிப்பவர் அதனைச் சரிபார்ப்பதற்குரிய வழிகள். ஒருவருடைய வீடு, நோய், வருவாய் முதலிய தனிச்செய்திகளை அவர் இசைவின்றிப் பொதுப்படத்தில் வெளியிடுதல் கூடாது.

சொல்லும் நிலமும்

அடிகுழாய்களைக் கடந்து நீர்நிலைகளைப் பட்டியலிடத் தொடங்கினால், வேறொரு சிக்கல் எழும். அட்டவணையில் 'நீர்நிலை' என ஒரே சொல்லை எழுதினால் போதுமா? ஊருணி மக்கள் பருகும் நீருக்குரியது. கண்மாய், ஏரி ஆகியன பாசனத்திற்குரியவை. தாங்கல், ஏந்தல் ஆகியன சிறிய ஏரிகள். மதகு வயலுக்கு நீர் திறக்கும் வழி. கலிங்கு மிகுநீர் வெளியேறும் வழி. ஒவ்வொரு சொல்லிலும் அந்நீர் யாருக்குரியது, எவ்வாறு பயன்படுவது என்னும் செய்தி அடங்கியுள்ளது. அனைத்தையும் ஒரு சொல்லில் அடக்கினால், படம் எஞ்சும், அறிவு தொலையும்.

செயற்கைக்கோள் படத்தில், வறண்ட கண்மாயின் உள்வாயும் தரிசு நிலமும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். தொலைவிலிருந்து வரைபவர் அதனைத் தரிசு எனக் குறித்துவிட்டால், பிறகு அப்படத்தைப் பார்ப்பவர் அங்கே கட்டடம் எழுப்பத் தடையில்லை என்று எண்ணக்கூடும். 'இது கண்மாய்; நான்கு ஊரின் நஞ்சைக்கு நீர் தருவது' என்று சொல்ல, ஊரை அறிந்த ஒருவர் வேண்டும்.

மறைந்த நீர்நிலைகளையும் சில வேளைகளில் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. சென்னையின் தியாகராய நகர், நீண்ட ஏரி எனப்பட்ட பெரிய ஏரியின் படுகையில் 1920களில் உருவாக்கப்பட்டது. ஏரி போய்விட்டது, அதன் அருகிலிருந்த மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்னும் பெயர் மட்டும் நிற்கிறது. பழவந்தாங்கல், வேப்பேரி போன்ற பெயர்களும் ஆராய்வோர்க்குத் தடயங்கள். பழைய வரைபடத்தை ஓர் அடுக்காகவும் இன்றைய தெருக்களை மற்றோர் அடுக்காகவும் வைத்து, இடப்பெயர்களை அவற்றின்மேல் குறித்தால், ஓர் ஊரின் நீர்வரலாறு திரையில் விரியும்.

கணினி வரைபடம் நம் கைக்கு எளிதாக வந்துவிட்டது. அதில் எதைக் குறிக்கிறோமோ அதுவே திட்டமிடுவோர் கண்ணில் படும். குறிக்காதது நிலத்தில் இருந்தும் இல்லாததாகிவிடும். ஆதலால், வரைபவர் தம் ஊரை நடந்து அறியவும், அறிந்ததை உரிய சொல்லால் எழுதவும், அறியாததை ஊராரிடம் கேட்கவும் கடமைப்பட்டவர். உங்கள் ஊரின் ஓடைகளையும் ஊருணிகளையும் உங்களைவிட நன்கறிந்த செயற்கைக்கோள் எதுவும் இல்லை.

சொல்லும் பொருளும்

உள்வாய் – ஏரி, கண்மாயின் நீர் நிற்கும் உட்பகுதி
கலிங்கு – ஏரியின் மிகுநீர் வெளியேறக் கட்டப்பட்ட அமைப்பு
அடுக்கு – ஒரே வகைப் பொருள்களை மட்டும் காட்டும் வரைபடத் தொகுதி
பண்புத்தரவு – ஓரிடத்திலுள்ள பொருளின் தன்மையை விளக்கும் குறிப்பு
தொலையுணர்வு – தொடாமல் தொலைவிலிருந்து நிலத்தைப் பற்றிய செய்தி திரட்டும் முறை

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள நீர்நிலைகளின் பெயர்களையும் பயன்களையும் முதியோரிடம் கேட்டறிந்து, அட்டவணையாக்கி வகுப்பறையில் படிக்க.

2. உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரையிலான நேர்த்தொலைவையும் நடைதூரத்தையும் வரைபடத்தின் துணையுடன் அளந்து, வேறுபாட்டிற்கான காரணங்களை எழுதுக.

3. பள்ளி வளாகத்திலுள்ள மரங்களைக் குழுவாகப் பிரிந்து கணக்கெடுத்து, பெயர், சுற்றளவு, இடம், நாள் ஆகியவற்றுடன் வரைபடம் உருவாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. வில்லியம் லாம்டன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கிய இடம்
அ) தஞ்சாவூர் ஆ) பரங்கிமலை இ) மதுரை ஈ) திருச்சி

2. வெக்டர் முறையில் பரப்பாகக் குறிக்கத்தக்கது
அ) மின்கம்பம் ஆ) ஓடை இ) வயல் ஈ) சாலை

3. பொருத்துக: அ) ரோஜர் டாம்லின்சன் ஆ) கேரி ஷெர்மன் இ) இராதாநாத் சிக்தார்
1) க்யூஜிஐஎஸ் 2) சிகரத்தின் உயரம் 3) கனடாவின் புவித்தகவல் அமைப்பு

குறுவினா

1. இடத்தரவு, பண்புத்தரவு – வேறுபடுத்துக.
2. நாள் குறிப்பிடாத தரவு ஏன் நிறைவற்றது?
3. ஊருணி, கண்மாய் ஆகியவற்றின் பயன்களைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. ஏழையர் விடுதியும் மூதாட்டியின் இறப்பும் ஜான் ஸ்னோவின் கருத்துக்கு எவ்வாறு வலுச்சேர்த்தன?
2. அங்கன்வாடி எடுத்துக்காட்டின் வழி, நடைதூரத்தின் இன்றியமையாமையை விளக்குக.

நெடுவினா

'குறிக்காதது நிலத்தில் இருந்தும் இல்லாததாகிவிடும்' என்னும் கூற்றை உங்கள் ஊரின் சூழலோடு பொருத்தி ஆராய்ந்து எழுதுக.